ஆசானும் மாணாக்கனும்: ஹார்டியும் இராமானுஜனும்

சர்வகலாசாலைக் கல்வியில் ஆசிரியர் ஆற்றும் பணி இருவகைப்படும். அறியாததை அறிவித்தல் ஒன்று. மாணாக்கனிடத்து இயல்பாயமைந்த ஆற்றல் கெடாவண்ணம் அதனை நெறிப்படுத்தல் மற்றொன்று. முன்னையதினும் பின்னையதே அரிது. இதற்குக் கேம்பிறிட்ஜ் கணித அறிஞர் ஜீ. எச். ஹார்டி, சீனிவாச இராமானுஜன் ஆகிய இருவரின் தொடர்பு தக்க சான்றாகும்.

கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியிற் பயின்ற இராமானுஜன், கணிதமொன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையாற் புலமைப்பரிசிலை இழந்தார். பின்னர்ச் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் எழுதுவினைஞராயிருந்த அவர், 1913 ஆம் ஆண்டு ஜனவரியில் தாம் கண்ட தேற்றங்களை ஹார்டிக்கு எழுதியனுப்பினார். நிறுவலின்றி வந்த அக்கடிதத்தை ஹார்டி புறக்கணித்தாரல்லர். தம் நண்பர் லிற்றில்வுட்டுடன் ஆராய்ந்து, எழுதியவர் பேராற்றல் வாய்ந்தவரெனத் துணிந்தார்.

1914 ஏப்பிரலில் இராமானுஜன் இங்கிலாந்தை அடைந்தார். அப்பொழுது ஹார்டிக்கு ஓர் இடர்ப்பாடு தோன்றியது. இராமானுஜன் அக்காலக் கணிதத்தின் பல பகுதிகளை அறிந்திலர். முதன்மையெண்கள் பற்றிய அவர் முடிபுகள் சில பிழையாயிருந்தன. கற்பியாது விடின் பிழை நீடிக்கும். அடிதொட்டு முறையாகக் கற்பிக்கப்புகின் அவரது தன்னம்பிக்கையும் ஊக்கமும் குன்றும். ஆதலின் ஹார்டி வற்புறுத்தாது, ஆராய்ச்சி உரையாடலினூடே இன்றியமையாதவற்றைப் புகட்டினார். தாம் கற்பித்ததினும் கற்றதே மிகுதியென்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

இதன் பயன் விரைவிற் புலனாயிற்று. 1916 இல் இராமானுஜன் ஆராய்ச்சியாற் பட்டம் பெற்றார். ஓரெண்ணை எத்தனை வகையாகக் கூட்டெண்களாய்ப் பிரிக்கலாமென்பது பழைய வினா. 4 என்னும் எண்ணுக்கு 5 வகைகளேயுள. 200 க்கோ 3,972,999,029,388 வகைகளுள. இவ்வினாவுக்கு இருவரும் கண்ட அணுகுசூத்திரம் 1918 இல் வெளிவந்தது. மாணாக்கரின் உள்ளுணர்வும் ஆசிரியரின் நிறுவற்றிறனும் கூடியதன் விளைவு அது. அவ்வாண்டே இராமானுஜன் றோயற் சங்கத்தின் உறுப்பினருமானார்.

எனினும் இத்தொடர்பில் ஒரு குறையும் உண்டு. போர்க்காலத்திற் புலாலுண்ணா உணவு கிடைத்தல் அரிதாயிற்று, தனிமையும் வருத்தியது. 1917 முதல் இராமானுஜன் நோயுற்றார். அவரது அறிவை நன்கறிந்த ஹார்டி, அவர்தம் அகவாழ்வை அத்துணை வினவியறிந்திலர். 1919 இல் தாயகம் மீண்ட இராமானுஜன், 1920 இல் தமது 32 ஆம் வயதில் மறைந்தார். மாணாக்கரின் கட்டுரைகளைத் தொகுத்து 1927 இல் வெளியிட்டோருள் ஹார்டியும் ஒருவர்.

பரீட்சைப் புள்ளியை மட்டும் நோக்கின், கும்பகோணத்தில் நிகழ்ந்தது எக்கல்லூரியிலும் நிகழும். மாணாக்கனின் அறிவை மட்டும் நோக்கின், கேம்பிறிட்ஜில் நேர்ந்த குறை நேரும். அறிவினையும் வாழ்வினையும் ஒருங்கே நோக்குபவரே நல்லாசிரியராவர்.