கரண்ட் போனால் அடைகாப்பது யார்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தெருவெல்லாம் வெள்ளம். பல வீடுகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அடைகோழிக்கு அதனால் கவலையில்லை. இன்குபேட்டருக்கு உண்டு. தாம்பரம் வட்டாரத்தில் மொட்டை மாடியில் நாட்டுக்கோழியோ காடையோ வளர்ப்பவர்கள் இன்குபேட்டர் பெட்டி வாங்கும்போது, 'எத்தனை முட்டை பிடிக்கும்?' என்பதற்கு முன்பாக, 'கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?' என்றுதான் கேட்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக ஓடும் பெட்டி என்றால் நல்லது.

கோழி முட்டைக்கு 21 நாள், காடைக்கு 17, 18 நாள், வாத்துக்கு 28. ஃபேன் உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் சீராக இருக்க வேண்டும். இரை தேடக் கோழி எழுந்துபோகும் சிறிது நேரம் முட்டை ஆறினாலும் கெடுவதில்லை. ஆனால் சூடு கூடினால் கரு தாங்காது. பெட்டிக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. மே மாத வெயிலில் கொதிக்கும் மாடி ஷெட்டில் எந்த விலையுயர்ந்த பெட்டியும் தோற்கும். வீட்டுக்குள் நிழலான அறையே அதற்கு இடம்.

அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போட்டால் இடி முட்டையைக் கெடுக்காது என்பார்கள் பெரியவர்கள். மழைக்காலத்தில் சந்தேகப்பட வேண்டியது இடியை அல்ல, ஈரத்தை. முதல் 18 நாளில் கோழி முட்டை தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். அதற்கு 50 முதல் 55 சதவீத ஈரப்பதம் போதும். நவம்பர் காற்றே நனைந்திருக்கும்போது பெட்டியின் தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினால், முழுதாக வளர்ந்த குஞ்சும் ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடலாம். கடைசி 3 நாள்தான் 65, 70 வரை ஏற்ற வேண்டும். முட்டை திருப்புவதையும் அப்போது நிறுத்திவிட வேண்டும். ஆகவே, ஈரத்தைக் கட்டுப்படுத்தத் திறந்து மூடும் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கியதும் முட்டை வைக்காமல் இரண்டு நாள் ஓடவிடுங்கள். திரையில் தெரியும் எண்ணைத் தனித் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். பிறகு ப்ளக்கைப் பிடுங்கி, சூடு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கடிகாரம் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பொத்தேரி அருகே காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, விசாரிக்கலாம்.

ஒன்று மட்டும்: பெட்டி வந்துவிட்டதென்று அடையில் உட்கார்ந்த கோழியை விரட்டாதீர்கள். கரண்ட் வராத இரவில் பத்து முட்டைக்காவது அது இடம் கொடுக்கும்.