வெயில் மழையில் கிடந்த மரத் தளபாடங்கள்: எதைத் திருத்தலாம், எப்படித் திருத்தலாம்?

பல வருடங்களுக்குப் பின் சொந்த வளவுக்குத் திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது பற்றையும் கூரை இல்லாத வீடும்தான். பற்றையை வெட்டிக்கொண்டு போகும்போது ஒரு வாங்கு, சாய்மனைக் கதிரையின் சட்டம், கால் கழன்ற மேசை, நிலையோடு விழுந்த கதவு என்று ஏதாவது வெளிப்படும். அது சாம்பல் நிறமாக, வெடித்து, பாசி பிடித்துக் கிடக்கும். "இனி இது விறகுக்குத்தான்" என்று பலர் அடுப்பில் வைத்துவிடுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். மரம் சாம்பல் நிறமாக மாறுவது உக்கிவிட்டதன் அடையாளம் அல்ல. வெயில், மரத்தின் மேற்பரப்பிலுள்ள நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் பொருளைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. எஞ்சிய நார்தான் சாம்பலாகத் தெரிகிறது. பெரும்பாலும் இந்தப் படை ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இராது. அதன் கீழே முதிரையோ பாலையோ தேக்கோ நல்ல நிலையில் இருக்கலாம். அப்படியான மரத்தை இன்று புதிதாக வாங்குவது எளிதல்ல. உங்களிடம் இருப்பதைத் திருத்தி எடுத்தால் அந்தப் பணம் கூரைக்கோ கிணற்றுக்கோ உதவும்.

முதலில் உயிர், பிறகு மரம்

மிதிவெடி அகற்றப்பட்டு, உங்களிடம் கையளிக்கப்பட்ட காணியில் மட்டும் பொருட்களைத் தேடுங்கள். எச்சரிக்கைப் பலகைக்கோ நாடாவுக்கோ அப்பால் எவ்வளவு நல்ல கதிரை தெரிந்தாலும் போகாதீர்கள். கையளிக்கப்பட்ட காணியிலும் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

• பற்றைக்குள் கிடக்கும் பொருளைச் சட்டென்று இழுக்கவோ புரட்டவோ வேண்டாம். சுற்றியுள்ள செடியை மேலிருந்து சிறிது சிறிதாக வெட்டி, நாற்புறமும் கண்ணால் பார்த்த பின்னரே தொடுங்கள். கம்பியோ நூலோ கட்டியிருந்தால், அருகில் இனந்தெரியாத உலோகப் பொருள் கிடந்தால், வந்த வழியே திரும்புங்கள்.

• அலுமாரி, பெட்டகம், லாச்சி ஆகியவற்றைத் திறக்க முன் இடுக்கு வழியாக உள்ளே பாருங்கள். சந்தேகம் இருந்தால் திறக்க வேண்டாம்.

• பழைய பதுங்குகுழியில் அடுக்கியுள்ள பனங்குற்றிகளையும் பலகைகளையும் உருவி எடுக்க வேண்டாம். மண் சரியலாம், உள்ளே வெடிபொருள் எஞ்சியிருக்கலாம்.

• வளவில் குவிந்து கிடக்கும் உக்கிய மரத்தைக் கிடந்த இடத்திலேயே கொளுத்த வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் வெடிபொருள் நெருப்பின் சூட்டில் வெடிக்கலாம்.

• பாம்பு, தேள், மட்டத்தேள் என்பன மரத்தின் அடியில் தங்கும். புடையன் பாம்பு உலர்ந்த சருகுக்குள் கிடந்தால் எளிதில் தெரியாது. மூடிய சப்பாத்து அணிந்து, நீண்ட தடியால் தட்டிப் பார்த்த பின் கை வையுங்கள்.

சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், நகர்த்தாமல், மற்றவர்களும் நெருங்காதபடி தடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிஸ் அவசர இலக்கம் 119 இற்கோ அறிவியுங்கள். பாம்பு கடித்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைப் பெறலாம். பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்ப வேண்டாம்.

இது யாருடைய பொருள்?

இடம்பெயர்ந்த காலத்தில் பொருட்களும் இடம்பெயர்ந்தன. உங்கள் வளவில் கிடக்கும் வாங்கு பக்கத்து வீட்டாருடையதாக இருக்கலாம். உங்கள் மேசை இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கலாம். அடையாளம் தெரியாத பொருளைத் திருத்த முன் அயலவரைக் கேளுங்கள். இன்னும் திரும்பி வராதவர்களுடையது என்று தெரிந்தால் எடுத்து நனையாத இடத்தில் வைத்து, கிராம அலுவலரிடம் சொல்லி வையுங்கள். சேத விபரம் பதிய வேண்டியிருந்தால், திருத்துவதற்கோ எரிப்பதற்கோ முன் ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தலாமா, விறகா?

ஒரு நீட்டு ஆணியோ ஊசியான திருப்புளியோ போதும். பொருளைக் கவிழ்த்து வைத்து, நான்கு கால்களின் அடி, மூட்டுகள், மண்ணில் பட்டிருந்த பக்கம் ஆகிய இடங்களில் குத்திப் பாருங்கள்.

• ஆணி இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இறங்காவிட்டால் மரம் நல்லது. சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும்.

• கால் நுனியில் மட்டும் ஆணி இறங்கினால், நல்ல மரம் வரும்வரை நான்கு கால்களையும் ஒரே அளவாக வெட்டலாம். கதிரை சற்றுப் பதிவாக இருக்கும். ஆனால் உறுதியாக இருக்கும்.

• ஆணி பல இடங்களில் தடையின்றி இறங்கினால், தட்டும்போது மொத்தென்று கேட்டால், மரம் கையால் பிய்ந்து வந்தால் அது உக்கிவிட்டது. நல்ல பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்து வேறு பொருளுக்கு ஒட்டுப்போட வைத்துக்கொள்ளுங்கள்.

• மண் புற்றுப்போல நீண்ட கோடுகள் இருந்தால் கறையான் ஏறியிருக்கிறது. சுரண்டி எடுத்துவிட்டுக் குத்திப் பாருங்கள். பழைய, வெறுமையான புற்றென்றால் பயமில்லை.

• சிறு துளைகளிலிருந்து வெளிறிய மா புதிதாகக் கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் வேலை செய்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். மெல்லிய பலகையென்றால் கறுப்புப் பொலித்தீனால் இறுக மூடிக் கோடை வெயிலில் சில நாட்கள் வைக்கலாம். தடித்த மரத்தின் உள்ளே அந்தச் சூடு போகாது. அதைத் தனியே வைப்பதே நல்லது.

மரத்துக்கு மரம் வேறுபாடும் உண்டு. பாலையும் முதிரையும் தேக்கும் வெளியில் நீண்ட காலம் தாங்கும். வேம்பின் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. மா மரப் பலகை விரைவில் உக்கும். பனையில் வெளிப்புறம் வைரம், நடுப்பகுதி சோறு. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வெட்டுமுகத்தின் நடுவில் கட்டாயம் குத்திப் பாருங்கள்.

இன்னொன்று: எங்கள் பகுதி மரங்களில் செல் துண்டுகளும் சன்னங்களும் புதைந்திருப்பது வழமை. வாளோ சீவுளியோ வைக்க முன் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். கறுத்த புள்ளி, மூடிய காயம் போன்ற இடங்களையும் பாருங்கள். செப்பும் ஈயமும் காந்தத்தில் ஒட்டாது என்பதால் கண்ணும் வேண்டும். உலோகம் இருக்கும் மரத்தை அறுத்தால் வாள் பல் உடையும், துண்டு கண்ணில் தெறிக்கும். அப்படியான மரத்தை அடுப்பிலும் வைக்க வேண்டாம்.

கழுவுதலும் உலர்த்தலும்

வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி சவர்க்காரத் தூள் கரைத்து, தும்பாலோ பொச்சாலோ மரத்தின் நார் ஓடும் திசையில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும். கம்பித் தும்பு வேண்டாம். அதன் துகள் மரத்தில் சிக்கி, பின்னர் துருப்பிடித்துக் கறுக்கும். பாசி போனதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஆணியைச் சுற்றிய கறுப்புக் கறையில் தேசிக்காய்ச் சாறு பூசி, அரை மணித்தியாலத்தின் பின் கழுவினால் ஓரளவு வெளிறும்.

பிறகு காற்றோட்டமான நிழலில், நிலத்தில் படாமல் கல் வைத்து, ஒரு வாரம் உலர விடுங்கள். நனைந்த மரத்தை உடனே உச்சி வெயிலில் வைத்தால் மேற்பரப்பு மட்டும் காய்ந்து பெரிய வெடிப்பு விழும்.

மூட்டைத் திருத்துதல்

கதிரை ஆடினால் ஆணி அடிப்பதுதான் பலரின் முதல் யோசனை. காய்ந்த பழைய மரத்தில் ஆணி அடித்தால் மரம் பிளக்கும். அடுத்த மாரியில் ஆணியும் துருப்பிடிக்கும். இப்படிச் செய்யுங்கள்:

1. ஆடும் மூட்டை மெதுவாகக் கழற்றுங்கள். சுத்தியலுக்கும் மரத்துக்கும் இடையில் துணி மடித்து வையுங்கள்.

2. பழைய பசையையும் மண்ணையும் உளியால் சுரண்டுங்கள்.

3. துளை பெரிதாகிவிட்டால், அதே மரத்தில் சீவிய மெல்லிய சிராயைச் சேர்த்து இறுக்குங்கள்.

4. மழைக்குத் தாங்கும் மரப்பசை என்று கேட்டு வாங்கிப் பூசுங்கள். சாதாரண வெள்ளைப் பசை நனைந்தால் விட்டுவிடும்.

5. கயிற்றை இரண்டு சுற்றாகக் கட்டி, இடையில் தடியொன்றைச் செருகி முறுக்குங்கள். மூட்டு இறுகும். தடியைக் கட்டி வைத்து ஒரு நாள் விடுங்கள்.

ஆணி தவிர்க்க முடியாவிட்டால் முதலில் சிறு துளை போட்டு, நாகமுலாம் பூசிய திருகாணியைப் பாவியுங்கள்.

ஒட்டுப்போட மரம் தேவையென்றால் நிற்கும் மரத்தில் கை வைக்க முன் விசாரியுங்கள். பலாவையும் பெண் பனையையும் சொந்த வளவிலேனும் அனுமதியின்றி வெட்டக்கூடாது. பிரதேச செயலகத்தில் கேட்கலாம். மரம் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம்.

தேய்த்தலும் எண்ணெய் பூசுதலும்

பழைய பெயின்ற் இருந்தால் கவனம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். அதன் தூள் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள், எரித்து எடுக்க வேண்டாம். விழுந்த துகளைத் தாளில் சேர்த்துக் கட்டி அகற்றுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகளும் கோழிகளும் அங்கே வரக்கூடாது.

பெயின்ற் இல்லாத மரத்தை முதலில் 80 ஆம் இலக்க, பின்னர் 120 ஆம் இலக்க சான்ட் பேப்பரால் நார் ஓடும் திசையில் தேயுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள். சாம்பல் படை போய் மரத்தின் சொந்த நிறம் தெரிந்ததும் நிறுத்தலாம். வழுவழுப்பாக வரவேண்டியதில்லை, சிராய் குத்தாமல் இருந்தால் போதும்.

இரும்புக் கடைகளில் கிடைக்கும் காய்ச்சிய லின்சீட் எண்ணெய் நல்லது. முதற்பூச்சுக்கு சம அளவு டேர்பன்டைன் கலந்தால் உள்ளே இறங்கும். துணியால் பூசி, இருபது நிமிடத்தின் பின் ஊறாமல் மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள், துடைக்காவிட்டால் பிசுபிசுக்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ காய்ந்ததும், கலக்காத எண்ணெயை மெல்லியதாக இன்னொரு முறை பூசுங்கள்.

எச்சரிக்கை: லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ஓலைக் கொட்டிலிலும் தற்காலிக வீட்டிலும் இது பெரிய ஆபத்து. துணியை வெளியில் விரித்துக் காய விடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

தேங்காயெண்ணெய் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். பழைய எஞ்சின் ஒயிலை இருக்கும், படுக்கும் பொருட்களுக்குப் பூச வேண்டாம். அது தோலுக்குக் கேடு, அதிலுள்ள சில பொருட்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. வார்னிஷ் பூசியது முற்றத்தில் நின்றால் வெயிலில் வெடிக்கும். வெடிப்பினூடாக இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரம் உக்கும். வார்னிஷ் விறாந்தைக்கு உள்ளே இருப்பவைக்கே பொருந்தும்.

அதன்பின் செய்ய வேண்டியவை

மரத்தை உக்க வைப்பது வயதல்ல, காயாத ஈரம். எனவே:

• கால்கள் மண்ணில் படாமல் கல்லோ ஓட்டுத்துண்டோ வையுங்கள். கால் நுனிதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். சிரட்டையில் எண்ணெய் ஊற்றி ஒவ்வொரு காலையும் ஒரு இரவு ஊற விடுங்கள்.

• வாங்கைச் சற்றே சாய்வாக வைத்தால் தண்ணீர் தேங்காது.

• சோளகக் காற்று அடிக்கும் மே முதல் செப்ரெம்பர் வரையான காலமே திருத்துவதற்கும் எண்ணெய் பூசுவதற்கும் ஏற்றது. ஒக்ரோபரில் மாரி தொடங்க முன் வேலையை முடித்து, இயன்றதை விறாந்தைக்குள் எடுங்கள்.

• மழைக்கு மூடுவதென்றால் தறப்பாளை மேலால் மட்டும் போடுங்கள். சுற்றிக் கட்டினால் ஈரம் உள்ளே அடைபடும்.

• தை, மாசியில் மழை விட்டதும் கவிழ்த்துக் கழுவி, கறையான் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வருடம் ஒருமுறை ஒரு பூச்சு எண்ணெய் போதும்.

இந்த முறை கதவுக்கும் யன்னல் நிலைக்கும் கட்டிலுக்கும் பொருந்தும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். குடும்பம் இருந்து சாப்பிட ஒரு வாங்கு, பிள்ளைகள் படிக்க ஒரு மேசை: முதலில் இவற்றைத் திருத்துங்கள். மற்றவற்றை நனையாத இடத்தில் அடுக்கி வைத்தால் அவை அடுத்த கோடைவரை காத்திருக்கும்.