ஞாயிற்றுக்கிழமையில் ஏறும் ஓசோன்

சாலையில் வண்டிகள் குறைந்தால் காற்று சுத்தமாகும் என்பதற்கு நிரூபணம் தேவையில்லை என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் காற்றை அளக்கும் நிலையங்கள் பல பத்தாண்டுகளாக இதற்கு நேர்மாறான கணக்கைப் பதிவு செய்துவந்தன. வார நாட்களில் நெடுஞ்சாலைகளை நிறைத்து ஓடும் டீசல் லாரிகளில் பெரும்பாலானவை ஞாயிறன்று ஓடுவதில்லை. வட்டாரத்தின் பல இடங்களில் அன்றைக்குத்தான் ஓசோன் அதிகம். நியூயார்க், நியூ ஜெர்சி பகுதியை ஆராய்ந்தவர்கள் 1974-லேயே, ஞாயிறன்று மற்ற மாசுகள் குறைந்தும் ஓசோன் குறையவில்லை என்று கண்டார்கள். ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயர் ‘வார இறுதி விளைவு’. இதை வைத்துக்கொண்டு, போக்குவரத்துக்கும் மாசுக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதிடுவது எளிது. என் வாசிப்பு வேறு. எதைக் குறைக்கிறோம், எவ்வளவு குறைக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஓசோன் ஏறும் அல்லது இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது.

ஓசோன் என்றதும் வெகு உயரத்தில் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் படலம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தரைமட்டத்தில் அதே வாயு நுரையீரலுக்கு எரிச்சலூட்டும், ஆஸ்துமாவைக் கிளறும், பயிரின் இலைகளைக் கருக்கும். இது எந்த வண்டியின் புகைக்குழாயிலிருந்தும் வருவதில்லை. 1940-களில் லாஸ் ஏஞ்சலிஸை மூடிய, கண்ணைக் கரிக்கும் புகைமூட்டத்தின் மர்மத்தை 1950-களின் தொடக்கத்தில் அவிழ்த்தவர் கால்டெக் நிறுவனத்தின் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். அதை அளக்க அவர் கையாண்ட கருவி, வளைத்து வைத்த ரப்பர் துண்டு. ஓசோன் பட்டால் ரப்பரில் வெடிப்பு விழும். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு ஆழமாக விழுகிறது என்பதே கணக்கு.

வார இறுதிப் புதிருக்கான விடை இந்த வினைக்குள்தான் இருக்கிறது. எஞ்சின் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளில் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடு. அது காற்றில் உள்ள ஓசோனைத் தின்று நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகிறது. வெயில் அந்த நைட்ரஜன் டை ஆக்சைடைப் பிளக்க, மறுபடியும் ஓசோன் பிறக்கிறது. இந்த இரண்டு மட்டும் நடந்தால் வரவும் செலவும் சரியாகிவிடும். கணக்கைக் குலைப்பவை பெட்ரோல், பெயின்ட், கரைப்பான் போன்றவற்றிலிருந்து கிளம்பும் ஹைட்ரோகார்பன்கள். காற்றில் உள்ள ஹைட்ராக்சில் என்ற துடிப்பான மூலக்கூறு இவற்றைத் தாக்கும்போது, ஓசோனைச் செலவழிக்காமலே நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும் வழி திறக்கிறது. அப்போது ஓசோன் மிஞ்சிச் சேர்கிறது. ஆனால் நைட்ரஜன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி இருந்தால், அந்த ஹைட்ராக்சிலை அதுவே பிடித்துக்கொண்டு நைட்ரிக் அமிலமாகிவிடும்; ஓசோன் உற்பத்தி மந்தமாகும். ஆக, ஒரே பொருள் ஓசோனுக்குத் தாயாகவும் இருக்கிறது, தடையாகவும் இருக்கிறது.

இனி வாரக் கணக்கைப் பார்க்கலாம். ஞாயிறன்று லாஸ் ஏஞ்சலிஸில் கார்கள் அவ்வளவாகக் குறைவதில்லை. நேரம்தான் மாறுகிறது, காலை நெரிசல் மறைந்து பகலில் பரவிவிடுகிறது. துறைமுகங்களிலிருந்து கன்டெய்னர் ஏற்றிப் போகும் கனரக டீசல் வண்டிகளோ பாதிக்கும் மேல் குறைந்துவிடும். டீசல் எஞ்சின் நைட்ரஜன் ஆக்சைடுகளை அதிகமாகவும் ஹைட்ரோகார்பனைக் குறைவாகவும் கக்கும். அதனால் வார இறுதியில் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஏறத்தாழ 40 சதவீதம் சரியும்போது, ஹைட்ரோகார்பன்கள் கொஞ்சம்தான் அசைகின்றன. திங்கள் காலையில் நெரிசல் கக்கும் நைட்ரிக் ஆக்சைடு தீரும்வரை ஓசோன் தலைதூக்க முடியாது. ஞாயிறு காலையில் அந்தத் தடை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஓசோன் முன்னதாகவே சேரத் தொடங்கி, வேகமாகவும் வளர்கிறது.

வேறு காரணங்கள் இருக்கக்கூடாதா என்று கேட்பது நியாயம். வானிலையா? வெயிலுக்கும் காற்றுக்கும் கிழமை தெரியாது. பல ஆண்டுச் சராசரியில் ஞாயிறு மட்டும் தனித்து நின்றால் அதற்குக் காரணம் மனிதர்தான். வெள்ளி, சனி இரவுகளில் ஊர்சுற்றும் வண்டிகள் விட்டுச்சென்ற மிச்சமா? வார இறுதியில் புல் வெட்டும் எந்திரங்களும் கரி அடுப்பில் இறைச்சி சுடுவதும் கூடுவதாலா? கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் இப்படிப்பட்ட விளக்கங்களை வரிசையாக எடுத்து அலசியது. இவற்றில் சில கொஞ்சம் பங்களிக்கலாம். ஆனால் விளைவின் அளவுக்கு ஈடுகொடுப்பது நைட்ரஜன் ஆக்சைடுகளின் சரிவுதான் என்பதையே பெரும்பாலான ஆய்வுகள் சுட்டுகின்றன.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது உரக்கவே ஒலித்தது: நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தால் ஓசோன் ஏறுமென்றால், லாரிகளுக்கு எதற்குக் கட்டுப்பாடு? ஹைட்ரோகார்பனை மட்டும் பிடித்தால் போதாதா? இந்த வாதம் நகரின் நடுவே ஒரே இடத்தில் நின்றுகொண்டு பேசுகிறது. லாஸ் ஏஞ்சலிஸின் கடற்காற்று காலைப் புகையைக் கிழக்கே சான் பெர்னார்டினோ, ரிவர்சைடு பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. மலைகள் அதை அங்கே தேக்குகின்றன. நகர மையத்தில் விழுங்கப்பட்ட ஓசோன் ஒழிந்துபோவதில்லை. நைட்ரஜன் டை ஆக்சைடு வடிவில் பயணம் செய்து, வெயில் ஏறியதும் வேறொருவர் வீட்டு வாசலில் ஓசோனாகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடே மூச்சுக்குழாய்க்குக் கெடுதல், நுண்துகள் உருவாகவும் அது துணைபோகிறது என்பது தனிக் கணக்கு. என் பார்வையில், நகர மையத்தை மட்டும் காட்டிக் கட்டுப்பாட்டை எதிர்ப்பது அரைக் கணக்கு.

முக்கியமான பதில் வரைபடத்தில் இருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனால், ஓசோன் முதலில் ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. வரைந்து பார்த்தால் ஒரு மேடு போலத் தெரியும். வார இறுதிச் சரிவு லாஸ் ஏஞ்சலிஸை அந்த மேட்டில் பாதி தூரம் ஏற்றிவிட்டு, திங்களன்று பழையபடி அடிவாரத்துக்கே திருப்பிவிடுகிறது. 2020-ன் ஊரடங்கிலும் இதே கதைதான்: வூஹான், ரோம், டூரின், வலென்சியா நகரங்களில் போக்குவரத்து அடங்கி நைட்ரஜன் டை ஆக்சைடு சரிந்தது, ஓசோன் ஏறியது. மேட்டைத் தாண்ட முடியாது என்பதல்ல. 1950-களில் லாஸ் ஏஞ்சலிஸின் ஓசோன் உச்சம் நூறு கோடிக்கு 600 பங்கையும் கடந்தது. அமெரிக்காவின் இன்றைய எட்டு மணி நேர வரம்பு 70 பங்கு. நகரம் இன்னும் அந்த வரம்புக்குள் வரவில்லை, ஆனால் அந்தப் பழைய உச்சங்கள் மறைந்துவிட்டன. 1960-லிருந்து 2010-க்குள் அங்கே வாகனங்களைச் சார்ந்த ஹைட்ரோகார்பன்கள் ஏறத்தாழ 50-ல் ஒரு பங்காகச் சுருங்கின. அதே காலத்தில் பெட்ரோல் விற்பனை சுமார் மூன்று மடங்கானது. மக்கள் வண்டி ஓட்டுவதைக் குறைத்ததால் இது நடக்கவில்லை. வினையூக்கி மாற்றியும் கசியாத எரிபொருள் அமைப்பும் செய்த வேலை. டீசல் கட்டுப்பாடுகளும் இறுகிய பின், வார இறுதி விளைவே அங்கே தேய்ந்துவருகிறது. மேட்டின் மறுசரிவை நகரம் நெருங்குகிறது என்பதற்கு இதைவிட நேரான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

வாரத்தில் ஒரு நாள் வண்டியை நிறுத்து, ஒற்றை எண் இரட்டை எண் பார்த்து ஓட்டு என்ற திட்டங்களை இந்த வெளிச்சத்தில்தான் எடைபோட வேண்டும். நெரிசலுக்கும் நுண்துகளுக்கும் அவை உதவலாம். ஓசோனுக்கு ஒரு நாள் குறைப்பு போதாது, சில இடங்களில் எதிர்விளைவும் தரும். மெக்சிகோ நகரம் 1989-லிருந்து எண் பலகையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வாரத்தில் ஒரு நாள் காருக்குத் தடை போட்டது. பலர் வேறு எண்ணில் இரண்டாவது கார் வாங்கிக்கொண்டார்கள், பெரும்பாலும் பழைய, அதிகம் புகை கக்கும் கார்.

இப்போது எஞ்சியிருக்கும் ஹைட்ரோகார்பனைத் தேடினால், அது சாலையை விட்டே நகர்ந்துவிட்டது. தொழில்வள நகரங்களின் காற்றில் கலக்கும் பெட்ரோலிய மூல ஹைட்ரோகார்பன்களில் ஏறத்தாழ பாதி பெயின்ட், பசை, சுத்திகரிப்புத் திரவம், வாசனைத் தெளிப்பான் போன்றவற்றிலிருந்து வருவதாக 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஞாயிறு லாரிக்கு விடுமுறை, இவற்றுக்கு அல்ல. கலிபோர்னியா இப்போது துறைமுக லாரிகளை மின்சாரத்துக்கு மாற்றும் முயற்சியோடு, பெயின்ட் டப்பாவிலும் ஸ்ப்ரே பாட்டிலிலும் எவ்வளவு கரைப்பான் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு விதிக்கிறது.