சோடி மாறிய பச்சை

கடலோர ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிரும் தொடர்மாடி எங்களுடையது. பம்பலப்பிட்டியில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் ஓர் ஒழுங்கை. கைபேசியில் வைஃபைப் பட்டியலைத் திறந்தால் அயல்வீட்டுப் பெயர்கள் இருபதுக்கு மேல் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றில் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடிய சானல்கள் மூன்றுதான். அத்தனை வீடும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடித்தால் பின்னறைக்கு என்ன மிஞ்சும்? நடுவில் இரண்டு செங்கல் சுவர் வேறு. வயர் இழுப்பதென்று முடிவெடுத்தேன்.

யூனிட்டி பிளாசாவுக்குப் போய் 25 மீட்டர் கேட்-5இ கேபிள், ஒரு கைப்பிடி ஆர்ஜே-45 தலைகள், கிரிம்பிங் டூல், விளக்கு எரிந்து காட்டும் மலிவான டெஸ்டர் ஒன்று வாங்கி வந்தேன். கேபிளின் தோலை உரித்தால் உள்ளே நான்கு சோடி: செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம். ஒவ்வொன்றையும் சுற்றிப் பின்னியபடி, அதே நிறக் கோடு போட்ட ஒரு வெள்ளை வயர். முறுக்கைப் பிரித்து, சோடி சோடியாக அழகாக அடுக்கி, இரண்டு முனையிலும் தலையைப் போட்டேன். டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. பெருமையாக இருந்தது.

மாட்டிப் பார்த்தால் படம் ஓடுகிறது, நிற்கிறது. இணைப்பு விளக்கு எரிகிறது, அணைகிறது. பக்கத்தில் மின்விசிறியைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம்.

என் அழகுணர்ச்சிதான் குற்றவாளி. எல்லோரும் பின்பற்றும் ஒழுங்கில் செம்மஞ்சளும் மண்ணிறமும் இரு ஓரத்திலும் சோடியாகவே நிற்கும். நடுவில்தான் வேடிக்கை: பச்சைக் கோட்டு வெள்ளை மூன்றாவது இடத்தில், பச்சை ஆறாவது இடத்தில், இடையில் நீலச் சோடி. இந்தக் கோணல் பழைய தொலைபேசியின் மிச்சம். தொலைபேசிச் செருகியில் நடு இரண்டு ஊசிகளும் ஒரு லைன். அந்த இடத்தை நீலத்துக்கு விட்டுக்கொடுத்ததால் பச்சை பிரிந்து இருபுறமும் போய் நிற்கிறது. கருவிக்கோ மூன்றும் ஆறும்தான் ஒரு சோடி. நான் அடுக்கிய முறையில் அந்த இரண்டு ஊசிக்கும் பச்சைக் கோட்டு வெள்ளையும் நீலமும் போயிருந்தன. ஒன்றோடொன்று பின்னாத இரண்டு அந்நியர்கள். செம்பு தொடர்ந்து போகிறதா என்று மட்டும் பார்க்கும் டெஸ்டருக்கு அது தெரியாது.

பின்னல் அவ்வளவு முக்கியமா? ஒரு சோடியின் இரண்டு வயரிலும் ஒரே செய்தி நேரெதிராகப் போகிறது: ஒன்றில் மேடு என்றால் மற்றதில் பள்ளம். மறுமுனை ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கிறது. வழியில் மின்விசிறியோ லிஃப்ட் மோட்டாரோ போடும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாய் ஏறினால், கழிக்கும்போது அது இல்லாமலே போய்விடும். ஆனால் ஒரு வயர் எப்போதும் இரைச்சலுக்குக் கிட்ட இருந்தால் கணக்குப் பிழைக்கும். முறுக்கிவிட்டால் இருவரும் மாறி மாறிக் கிட்டப் போவார்கள். சோடிகள் தங்களுக்குள் ஒட்டுக்கேட்காமலிருக்க, நான்குக்கும் நான்கு விதமான முறுக்கு. அதனால்தான் தலை போடும்போது அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதே என்கிறார்கள். அலெக்சாந்தர் கிரகாம் பெல் முறுக்கிய சோடிக்கு 1881இல் காப்புரிமை பெற்றார். வயர்வழி ஈதர்நெட்டின் யோசனையோ காற்றில் பிறந்தது. ஹவாய்த் தீவுகளை வானொலியால் இணைத்த அலோகாநெட்டைப் பார்த்துத்தான் பொப் மெட்காஃப் 1973இல் அதை எழுதினார். வைஃபையைக் கைவிட்டு வயருக்கு வந்த எனக்கு இது கொஞ்சம் குத்தலாகவே பட்டது.

தலைகளை வெட்டியெறிந்து சரியான ஒழுங்கில் மறுபடி போட்டதும் வேகம் 1000 மெகாபிட்டுக்கு ஏறியது.

இனி ஒரே இணைப்பு ஏழெட்டுக் கருவிகளுக்குப் பங்காவது எப்படி என்பது. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். வீட்டுக்கு ஒன்று கிடைப்பதே பெரிது. 1994இல் எகேவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் இதற்கொரு வழியை எழுதிவைத்தார்கள். வெள்ளவத்தையில் லொட்ஜ்களில் தங்கியிருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு அது புதிதாயிராது. கொமியூனிக்கேஷன் கடையிலிருந்து ரொறன்ரோவுக்கு ஒரு நிமிடம் எடுத்து, “திருப்பி எடுங்கோ” என்று வைத்துவிடுவோம். வெளிநாட்டுக்குத் தெரிந்தது கடையின் இலக்கம் ஒன்றுதான். யார் எடுத்தது, எந்த அறை என்பது கடைப் பெடியனின் கொப்பியில் இருக்கும். மணி அடித்தால் ஓடி வருவான். ரவுட்டரும் அந்தக் கொப்பியைத்தான் வைத்திருக்கிறது. வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தன் முகவரியைப் போட்டு, ஓர் இலக்கம் கொடுத்து, 192.168 என்று தொடங்கும் எந்த உள்முகவரிக்கு உரியது என்று ஒரு வரி எழுதிக்கொள்கிறது. பதில் அந்த இலக்கத்தோடு திரும்பும். கொஞ்ச நேரம் பேச்சில்லாவிட்டால் வரி அழிந்துவிடும். கேட்காமல் வெளியிலிருந்து வருபவருக்குக் கொப்பியில் வரி இல்லை. அவர் வாசலோடு சரி.

போன மாதம் மகன் மேசைக் கணினியில் மைன்கிராஃப்ட் சர்வர் ஒன்றைத் தொடங்கிவிட்டு, லண்டனில் இருக்கும் மச்சானால் உள்ளே வர முடியவில்லை என்று முறைப்பட்டான். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, 25565 என்ற இலக்கத்தைக் கேட்டு வருபவரை மேசைக் கணினிக்கு அனுப்பும்படி எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு அண்ணா எடுப்பார், என்னைக் கூப்பிடு தம்பி என்று கடையில் சொல்லிவைப்போமே, அதேதான்.