கரு இடம் மாறித் தங்கினால்...

நான் மருத்துவன் அல்லன்; ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளன். அபாய விளக்கைக் கண்டதும் வண்டியை நிறுத்து, காரணத்தைப் பிறகு ஆராய் என்பதே எங்கள் தொழிலின் பாலபாடம். புதிதாக மணமாகி, மொழி தெரியாத ஊருக்கு வந்திருக்கும் நம் பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் அதே பாடத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

கருப்பையில் தங்க வேண்டிய கரு, நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பங்களில் வெளியே தங்கிவிடுகிறது, பெரும்பாலும் கருக்குழாயில். டாக்டர்கள் இதை 'எக்டோபிக்' என்பார்கள். கரு வளர வளர, இடம் போதாமல் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் பெருகலாம். அந்தக் கருவை எடுத்துக் கருப்பையில் வைக்க வழியில்லை.

நாள் தள்ளிப்போய், ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் அறிகுறிகள் பெரும்பாலும் தெரியும். அடிவயிற்றில், பல சமயம் ஒரு பக்கமாக வலி. லேசான உதிரப்போக்கு, மாதவிலக்குதான் தாமதமாக வந்தது என்று ஏமாறக்கூடும். தோள்பட்டை நுனியில் வலி. உள்ளே கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது இது. தலைசுற்றல், மயக்கம், உடல் சில்லிட்டு வியர்த்தல் ஆகியவை சிவப்பு விளக்கு.

வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். மூன்று மாதம் முடியும்வரை சொல்லக்கூடாது என்று டாக்டரிடமும் மறைக்காதீர்கள். "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிற்றே, காப்பர்-டி இருக்கிறதே" என்றும் இருந்துவிடாதீர்கள். அரிதாக அதை மீறிக் கரு உண்டானால், அது இடம் மாறித் தங்கும் வாய்ப்பு அதிகம். முன்பு இப்படி ஆனவர்களும், கருக்குழாயில் தொற்றோ அறுவை சிகிச்சையோ கண்டவர்களும் நாள் தள்ளியதுமே டாக்டரைப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் இது வருவதுண்டு.

சிறுநீர்ச் சோதனை கர்ப்பத்தைச் சொல்லும்; இடத்தைச் சொல்லாது. அதற்கு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். சீக்கிரம் கண்டால் சிலருக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசியே போதும். வெடித்துவிட்டால் உடனே ஆபரேஷன்தான். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் சொல்லுங்கள்.

இந்தி பேசும் ஊர்களில் இருப்போர் "பேட் மே தர்த்" (வயிற்று வலி), "கந்தே மே தர்த்" (தோள் வலி), "சக்கர்" (தலைசுற்றல்) என்ற சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112, ரயிலில் என்றால் 139. போகும் வழியில் காபி, தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம்; மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம்.

ஒரு குழாயை அகற்றினாலும், மற்றது நலமாக இருந்தால் மீண்டும் தாயாக முடியும். அதற்கு முதலில் அந்தப் பெண் பிழைத்திருக்க வேண்டும்.