கண்ணாடிக் கல்லில் வார்த்த தோசை

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் போய், அங்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பினால் பிள்ளைப்பாக்கம் சிப்காட் வரும். காரும் டயரும் கைபேசியும் செய்து பழகிய வட்டாரம். அங்கேதான் 2024 ஜனவரி 11 அன்று அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் தன் ஆலையைத் திறந்தது. முதலீடு சுமார் 68 கோடி டாலர். ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்கு சோலார் பேனல் செய்யும் திறன். நம் மொட்டை மாடிகளில் ஏறும் பேனல்கள் பெரும்பாலும் சிலிக்கான். இங்கே செய்வது மென்படல பேனல். அது எப்படித் தயாராகிறது என்பதைப் பார்த்தால், இந்த நிறுவனம் எப்படி வளர்ந்தது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

சிலிக்கான் பேனலுக்கு வழி நீளம். குவார்ட்ஸை உருக்கித் தூய்மைப்படுத்தி, பெரிய கட்டியாக வளர்த்து, மெல்லிய கம்பியால் வில்லை வில்லையாக அறுத்து, வில்லையை செல்லாக்கி, செல்களைக் கோத்துப் பேனலாக்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் வேறு ஆலையில், சில சமயம் வேறு நாட்டிலேயே நடக்கும். உலகின் வில்லைகளில் பெரும்பகுதி சீனாவில் அறுக்கப்படுகிறது. மென்படலத்தில் கட்டியும் கிடையாது, அறுப்பும் கிடையாது. எல்லாம் ஒரே அடுப்படியில் முடிகிற தோசை வேலை.

தோசைக்கல்லின் இடத்தில் இருப்பது கண்ணாடிப் பலகை. அதன் ஒரு முகத்தில் ஒளியை விட்டு மின்சாரத்தைக் கடத்தும் பூச்சு ஏற்கனவே இருக்கும். கண்ணாடியை நன்றாகக் கழுவி, உருளைகள் மேல் ஓடவிட்டுச் சூடேற்றுகிறார்கள். மாவு, காட்மியம் டெல்லுரைடு பொடி. அதைப் பரப்பக் கரண்டி வேண்டாம். கடும் சூட்டில் பொடி ஆவியாகி, நகர்ந்துபோகும் கண்ணாடி மேல் படிந்து உறைகிறது. ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். படலத்தின் கனம் சில மைக்ரான்தான். சிலிக்கான் வில்லையோ சுமார் 150 மைக்ரான். காட்மியம் டெல்லுரைடு ஒளியை வெகு வேகமாக உறிஞ்சிவிடும் என்பதால் அவ்வளவு மெல்லிசே போதும்.

வார்த்த தோசையைச் சுற்றி எண்ணெய் விடுகிறோமே, அந்தக் கட்டம் இங்கேயும் உண்டு. காட்மியம் குளோரைடைப் பூசி, ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸில் மறுபடி சூடாக்குகிறார்கள். படிந்தபோது பொடிப்பொடியாக இருந்த படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்கின்றன, இடையிலிருந்த குறைகளும் ஆறுகின்றன. இதைச் செய்யாத படலம் வேகாத தோசைதான்: பார்க்க முழுசாக இருக்கும், மின்சாரம் சொற்பமாகத்தான் வரும். மொத்த வேலையிலும் நான் மிகவும் மதிக்கும் கட்டம் இது.

பிறகு லேசர் வருகிறது. கல்லின் மேலேயே தோசையைக் கோடுகோடாக நறுக்குவதுபோல், படலத்தை இருநூறுக்கும் மேற்பட்ட ஒடுங்கிய பட்டைகளாகக் கீறுகிறது. ஒவ்வொரு பட்டையும் ஒரு செல். தனியாக அது தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. பட்டைகளை வரிசையாக இணைத்தால்தான் பயன்படும் மின்னழுத்தம் கிடைக்கும். பின்னால் உலோகப் பூச்சு, அதன் மேல் இன்னொரு கண்ணாடி, ஓரம் முழுக்க ஈரம் புகாத அடைப்பு. வெறும் கண்ணாடியாக உள்ளே போனது சுமார் நாலு மணி நேரத்தில் பேனலாக வெளியே வருகிறது.

இந்த நாலு மணி நேரம்தான் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு ஆணிவேர். இதற்கு விதை போட்ட ஹரால்ட் மக்மாஸ்டர் சிப் துறைக்காரர் அல்லர். ஒஹையோவின் டொலீடோ நகரில் கண்ணாடித் தொழிலில் பேர் எடுத்தவர். 1990இல் அவர் தொடங்கிய சோலார் செல்ஸ் நிறுவனம் 1999இல் கைமாறி ஃபர்ஸ்ட் சோலார் ஆனது. 2008 முடிவில் ஒரு வாட்டின் உற்பத்திச் செலவை ஒரு டாலருக்குக் கீழே கொண்டுவந்தார்கள். பிறகு சிலிக்கான் விலை சரிந்தபோது அடியும் வாங்கினார்கள். 2012இல் ஜெர்மனி ஆலையை மூட வேண்டியிருந்தது. அதிலிருந்து மீண்டதற்கு ஒரு முக்கியக் காரணம், கல்லைப் பெரிதாக்கியது. முன்பு 0.72 சதுர மீட்டராக இருந்த பேனல் இப்போது 2.8 சதுர மீட்டர். ஒன்று சுமார் 530 வாட் தரும். அந்தக் கணக்கில் பிள்ளைப்பாக்கம் ஆலை முழுத் திறனில் ஓடினால், ஏறக்குறைய 5 வினாடிக்கு ஒரு பேனல் இறங்க வேண்டும்.

வண்டலூரில் வீட்டுக்கு பேனல் போட நினைப்பவருக்கு இது ஏற்றதா? என் கருத்தில், இல்லை. ஒரே அளவு இடத்தில் நல்ல சிலிக்கான் பேனல் கூடுதல் மின்சாரம் தரும், நம் மாடிகளில் இடமோ குறைவு. மென்படலத்துக்கு ஏற்றது பரந்த நிலம். மே மாத வெயிலில் பேனல் கொதிக்கும்போது பழைய சிலிக்கானைவிட இதன் இழப்பு குறைவு என்பது உண்மை. புதிய சிலிக்கான் வகைகள் அந்த இடைவெளியை ஏறக்குறைய மூடிவிட்டன என்பதும் உண்மை.

நம் வட்டாரத்துக்கு இதைவிடப் பெரிய கேள்வி தண்ணீர். ஏரியும் நிலத்தடி நீரும் எவ்வளவு தாங்கும் என்று கவலைப்படும் ஊர்கள் இவை. இந்த ஆலை சென்னையின் கழிவுநீரை எதிர்சவ்வூடு பரவல் வரை சுத்திகரித்த நீரில் இயங்கும், கழிவுநீரை வெளியே விடாது என்ற ஏற்பாட்டோடு கட்டப்பட்டது. இனி வரும் ஒவ்வொரு ஆலையிடமும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

காட்மியம் நச்சுலோகம் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. டெல்லூரியத்தோடு சேர்ந்த சேர்மமாக, இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைபட்டிருக்கும்வரை அது நிலையாக இருக்கும். உடைந்ததையும் ஆயுள் முடிந்ததையும் குப்பையில் போடவே கூடாது. டெல்லூரியத்துக்கென்று பெரிய சுரங்கங்கள் இல்லை. தாமிரத்தைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் வண்டலிலிருந்துதான் பெரும்பாலும் கிடைக்கிறது. அதனால் பழைய பேனலை நொறுக்கி, அமிலத்தில் கரைத்து, காட்மியத்தையும் டெல்லூரியத்தையும் மீட்டுப் புதிய பொடியாக்குவது நிறுவனத்துக்கே லாபம். 2005இலேயே மறுசுழற்சித் திட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைப்பாக்கத்துப் பேனல்கள் 25, 30 ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், அவை கூட்டமாகத் திரும்பி வரும் காலம் 2050ஐ ஒட்டி இருக்கும். அவற்றைத் திரும்பப் பெறுவது யார், செலவு யாருடையது என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.