உண்மையைச் சொன்னாலும் அவதூறு ஆகுமா?

விராலிமலை ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில், குடிநீர்க் குழாய் போட்ட கணக்கில் முறைகேடு என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில நாளில் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. “உண்மையைத்தானே எழுதினேன்” என்பார். நியாயமான பதில், ஆனால் குற்றவியல் சட்டத்துக்கு அது பாதிப் பதில்தான்.

பழைய இ.பி.கோ. 499, 500 பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவாக இருக்கின்றன. ஒருவர் பெயரைக் கெடுக்கும் நோக்கத்தோடு எழுதினாலும், கெடும் என்று தெரிந்தே எழுதினாலும் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை விதிக்கலாம். தப்பிக்க, சொன்னது உண்மை என்பதோடு பொதுநன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். ஊராட்சிக் கணக்கு ஊரார் விஷயம். தலைவர் வீட்டுக் குடும்பச் சண்டை, உண்மையே ஆனாலும், அப்படியல்ல. நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் உண்மை ஒன்றே போதும்.

எழுதியதில் பிழை இருந்தால்? இதற்கு ஒரு பழைய தீர்ப்பு வழிகாட்டுகிறது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடக் கூடாது என்று சிறைத்துறைத் தலைவர் எச்சரித்தபோது, நக்கீரன் இதழ் உச்ச நீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபர் 7இல் வந்த தீர்ப்பு, அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. அலுவல் சார்ந்த செயலுக்காக அதிகாரி நஷ்டஈடு கேட்டால், உண்மையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதியதாக அவர்தான் நிரூபிக்க வேண்டும். எழுதியவர் நியாயமான அளவு சரிபார்த்திருந்தாலே போதும் என்றும் சொன்னது. ஊருக்காகக் கேள்வி கேட்பவருக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை என்பேன். ஆனால் இது தனிமனிதரைத் தூற்றுவதற்கான உரிமம் அல்ல. குற்ற வழக்கையும் இது தானாக முடித்துவிடாது. அங்கே கவனத்தோடும் நல்லெண்ணத்தோடும் எழுதினீர்களா என்று பார்ப்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய நகல் கையில் இருந்தால் பேச்சே வேறு. பிறர் எழுதியதை ஃபார்வர்டு செய்தவரும் பொறுப்பாளிதான்.

பெயர் கெட்டவர் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, மூன்று ஆண்டுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் தர வேண்டும். சிவில் வழக்குக்கு ஓராண்டுதான் கெடு. குற்றப் புகாரை ஏற்கும் முன் எதிர்த்தரப்பையும் மாஜிஸ்திரேட் கேட்டாக வேண்டும்.

நோட்டீஸ் வந்தால் பயந்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். ஆதாரங்களைத் திரட்டி வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். தவறு தெரிந்தால் அதே குழுவில் திருத்தம் போடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்குச் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.